முழங்காலுக்கு ஏற்ற மலை எது?

நவம்பர் பிறந்ததும் எங்கள் எலும்பு மூட்டுப் புறநோயாளர் பிரிவில் ஒரு கேள்வி எழத் தொடங்கும். பத்து ஆண்டுகளுக்கு முன்பு அதை எவரும் எங்களிடம் கேட்டதில்லை. “அரையாண்டு விடுமுறைக்குக் காஷ்மீர் போகிறோம். பனிச்சறுக்கு விளையாடலாமா, டாக்டர்?” என்பதே அது. கேட்பவர்களுள் பாதிப்பேர் பனியைத் திரைப்படத்தில் மட்டுமே கண்டவர்கள். மீதிப்பேர் வெளிநாட்டில் பணியாற்றிய இளமையில் சிறிது காலம் சறுக்கிப் பழகி, பின்னர் விட்டுவிட்டவர்கள். எங்களுக்குக் கவலை அளிப்பவர்கள் இந்த இரண்டாம் வகையினரே.

சென்ற முறை வந்த ஒருவரைச் சான்றாகச் சொல்லலாம். அவருக்கு வயது 46. ஜெர்மனியில் பணியாற்றியபோது மூன்று குளிர்காலங்கள் ஆல்ப்ஸ் மலையில் சறுக்கியவர். தாயகம் திரும்பிய பின் 17 ஆண்டுகளாகச் சறுக்குப் பலகையில் கால் வைக்கவில்லை. இதற்கிடையே இறகுப்பந்து ஆடும்போது இடது முழங்காலின் முன்புறச் சிலுவைத் தசைநார் அறுந்து, எங்களிடமே மறுசீரமைப்பு அறுவை செய்துகொண்டு 14 மாதங்கள் ஆகியிருந்தன. தாம் கற்றதை 15 வயது மகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. மனைவியும், நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள 71 வயதுத் தாயாரும் உடன் செல்வதாக ஏற்பாடு.

“முழங்கால் தாங்குமா?” என்று அவர் கேட்டார். “எந்த ஊர், அங்கே எந்தச் சறுக்குத்தளம், முதல் இரவு எங்கே தங்கப்போகிறீர்கள்?” என்று நாங்கள் திருப்பிக் கேட்டோம். அவர் முகத்தில் வியப்பு தெரிந்தது. இவை பயண முகவர் கேட்கவேண்டிய கேள்விகள் என்று எண்ணியிருப்பார். ஆனால் அவருடைய கேள்விக்கான விடையில் பெரும்பகுதி இந்த மூன்றில்தான் இருந்தது.

காரணத்தைச் சற்று விளக்க வேண்டும். பனிச்சறுக்கில் முழங்கால் பழுதாவது பெரும்பாலும் அதிவேகத்தால் என்று மக்கள் நினைக்கிறார்கள். உண்மையில், நிற்கும் நிலைக்கு அருகிலான மெதுவான வேகத்திலும் தசைநார் அறுகிறது. சறுக்குபவர் நிலைதடுமாறிப் பின்பக்கமாகச் சாய்கிறார். இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. உடல் எடை முழுவதும் கீழ்ப்பக்கப் பலகையின் வால்பகுதியில் விழுகிறது. அப்பலகை பனியைக் கவ்வி உள்நோக்கித் திரும்ப, அதனுடன் கணைக்காலும் திரும்புகிறது; தொடை திரும்புவதில்லை. அந்த ஒரு நொடியில் முன்புறச் சிலுவைத் தசைநார் அறுந்துபோகலாம். விழுவதைத் தடுக்க முயன்று, நகர்ந்துகொண்டிருக்கும்போதே எழுந்து நிற்கப் பார்ப்பவருக்கு இந்த இடர் மிகுதி.

புதியவர் இப்படிச் சாய்வது அச்சத்தால். சரிவைக் கண்டதும் உடல் தானாகப் பின்வாங்குகிறது. நெடுநாள் விட்டவர் சாய்வது களைப்பால். திரும்பும் முறை அவர் மூளைக்கு நினைவிருக்கிறது. அதைத் தாங்கும் தொடைத்தசையோ 17 ஆண்டுகள் நாற்காலியில் கழித்திருக்கிறது. முதல் ஒரு மணி நேரம் பழைய இலாகவம் திரும்பிவிட்டதாகத் தோன்றும். பிற்பகலில்தான் விபத்து நேரும்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநில ஆய்வாளர்கள் 1990-களில் சறுக்குத்தள மீட்புப் பணியாளர்களுக்கு இந்த விழும் முறையைக் காணொளிகளில் காட்டி, அதைத் தவிர்க்கப் பயிற்றுவித்தனர். பயிற்சி பெற்றவர்களிடையே கடும் முழங்கால் காயங்கள் 62 விழுக்காடு குறைந்தன. பயிற்சியின் சாரம் எளியது: விழத் தொடங்கிவிட்டால் விழுந்துவிடுங்கள், கைகளை முன்னால் வையுங்கள், கால்களை விறைப்பாக நீட்டாதீர்கள், முழுவதுமாக நின்ற பிறகே எழுந்திருங்கள். அச்சமின்றி விழக்கூடிய சறுக்குத்தளம் கிடைத்தால்தான் இந்த அறிவுரை பயன்படும். செங்குத்தான இடத்தில் விழுபவர் நிற்பதற்குள் நூறு மீட்டர் போய்விடுவார். ஆகவே, கற்பவருக்கு மலையின் புகழைவிட அதன் அடிவாரம் எவ்வளவு அகலமாகவும் தட்டையாகவும் இருக்கிறது என்பதே முக்கியம்.

இனி, முதல் இரவு எங்கே என்ற கேள்வி. நம் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். குல்மார்க் ஏறத்தாழ 2,650 மீட்டர். அதாவது, குல்மார்க்கில் அறை எடுப்பவர் தொட்டபெட்டா உச்சியில் படுத்துறங்குகிறார் என்று கொள்ளலாம். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு கடல்மட்டத்தில் கிடைப்பதில் முக்கால் பங்கு. ஏறத்தாழ 2,500 மீட்டருக்கு மேல் மலை உயர நோய் தலைகாட்டக்கூடும். போய்ச் சேர்ந்த ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் தலைவலி, குமட்டல், சோர்வு, உறக்கமின்மை தோன்றும். உதகைக்குப் போய்ப் பழகியவர்கள்கூட ‘எங்களுக்கு மலை புதிதல்ல’ என்று சொல்லிவிட முடியாது. உதகை 2,240 மீட்டரே. அங்கு நாம் மலையேற்றம் செய்வதுமில்லை, பூஜ்யத்துக்குக் கீழான குளிரில் நாள் முழுவதும் நிற்பதுமில்லை.

காலையில் சென்னையில் விமானம் ஏறி, மாலையில் குல்மார்க் அறைக்குள் நுழைவது இன்று எளிது. எங்கள் பரிந்துரை, ஸ்ரீநகரில் ஓர் இரவு, முதியோர் இருந்தால் இரண்டு இரவுகள் தங்குவது. அந்நகரம் 1,600 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. அங்கிருந்து குல்மார்க் சுமார் 50 கிலோமீட்டர்.

குல்மார்க்கைப் பற்றி விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்களிடம் வருவோரில் பெரும்பாலோர் அங்கேதான் செல்கின்றனர். அந்த ஒரே ஊருக்குள் இரண்டு வெவ்வேறு மலைகள் இருப்பதையும் அவர்கள் அறிவதில்லை. ஊரின் நடுவே கிண்ணம்போல் விரிந்த புல்வெளி, குளிர்காலத்தில் பனியால் மூடப்பட்டு, புதியவர்களுக்கு மிகச் சிறந்த பயிற்சிக் களமாகிறது. மேட்டுக்கு இழுத்துச் செல்லும் இயந்திரக் கம்பிகள் உள்ளன. விழுந்தாலும் உருண்டுபோக இடமில்லாத அளவுக்குத் தட்டையான பகுதிகளும் உள்ளன. 1968-இல் தொடங்கப்பட்டு மத்திய அரசின் சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்திய பனிச்சறுக்கு மற்றும் மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் அங்கேயே இருக்கிறது.

கொண்டோலா எனப்படும் கம்பிவட ஊர்தியில் ஏறினால் கதை மாறுகிறது. முதற்கட்டம் 3,000 மீட்டரைத் தாண்டிய கோங்டூரி வரை செல்லும். இரண்டாம் கட்டம், 2005-இல் திறக்கப்பட்டது, அஃபர்வத் மலையின் தோளில் ஏறத்தாழ 3,950 மீட்டரில் இறக்கிவிடும். அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு ஐந்தில் மூன்று பங்கே. அந்த மேற்பகுதியில் செப்பனிட்ட தொடக்கநிலைத் தளம் இல்லை. ஆழ்ந்த புதுப்பனியில் சறுக்க உலகெங்கிலுமிருந்து வரும் தேர்ந்தவர்களின் இடம் அது. 2023 பிப்ரவரியிலும் 2024 பிப்ரவரியிலும் அஃபர்வத் பகுதியில் பனிச்சரிவில் சிக்கி வெளிநாட்டுச் சறுக்கு வீரர்கள் உயிரிழந்தனர். காட்சியைக் காண ஏறி, அதே ஊர்தியில் இறங்கலாம். இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர்கள் அதற்கும் முதலில் தங்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். மேலும், கடுங்காற்று வீசினால் ஊர்தி நிறுத்தப்படும். மேலே காத்திருக்கும் வலுவும் உடைகளும் உங்களிடம் இருக்கவேண்டும்.

எங்கள் 46 வயது நண்பர் தேர்ந்து வைத்திருந்தது அஃபர்வத்தைத்தான். “ஆல்ப்ஸில் சிவப்புத் தளத்தில் இறங்கியவன் நான்” என்றார். ஐரோப்பாவில் தளங்களுக்கு நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறமிடுவர். நீலத்தில் பொதுவாக நூறு மீட்டருக்கு 25 மீட்டருக்கு மேல் இறக்கம் இராது; சிவப்பில் 40 வரை போகலாம். வட அமெரிக்காவில் பச்சையே மிக எளியது, நீலம் நடுத்தரம். கண்டம் மாறினால் நிறத்தின் பொருளும் மாறும் என்பதை, பிள்ளைகளைக் காண வெளிநாடு செல்லும் பெற்றோர் நினைவில் கொள்வது நல்லது. எங்கே சென்றாலும், விட்டுத் திரும்புபவர் முதல் இரண்டு நாள்கள் தாம் கடைசியாக ஆடிய நிலைக்கு ஒரு படி கீழே தொடங்கவேண்டும். முழங்காலில் அறுவை செய்துகொண்டவர் இரண்டு படி கீழே தொடங்கவேண்டும்.

குல்மார்க்குக்கு நாங்கள் கூடுதல் மதிப்பெண் தருவதற்கு மற்றொரு காரணம், இறங்கும் வழி. உயர நோய்க்கு முதன்மையான மருந்து கீழே இறங்குவது. குல்மார்க்கிலிருந்து தங்மார்க் 13 கிலோமீட்டர். சில நூறு மீட்டர் உயரம் குறைந்துவிடும். எலும்பு முறிந்தால் ஸ்ரீநகரின் பர்சுல்லாவில் எலும்பு மூட்டுச் சிகிச்சைக்கென்றே ஓர் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் கடும்பனி பொழியும் நாள்களில் அந்த 13 கிலோமீட்டர் சாலையே அடைபடக்கூடும். தொலைபேசி பற்றியும் ஒரு சொல்: பிற மாநிலங்களின் முன்கட்டண எண்கள் காஷ்மீரில் பொதுவாக இயங்குவதில்லை. குடும்பத்தில் ஒருவரிடமாவது பின்கட்டண இணைப்பு இருக்கட்டும்.

உத்தராகண்டின் ஔலி வேறு இயல்புடையது. சுமார் 2,500 முதல் 3,050 மீட்டர் வரை அமைந்த, ஒரே சீராக இறங்கும் சரிவுகள். மேலும் கீழும் கொண்டு செல்ல நாற்காலித் தூக்கி. கடுவால் மாவட்டங்களின் அரசு சுற்றுலா நிறுவனம் நடத்தும் தொடக்கநிலை வகுப்புகள். 2011-இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடந்த இடம். இளவயதினர் ஒரு வாரம் தங்கி முறையாகக் கற்க இது பொருத்தமானது. குறை, பயணம். ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமத் ஏறத்தாழ 250 கிலோமீட்டர் மலைச்சாலை. அத்தனை மணி நேரம் மடங்கிய முழங்காலுடன் அமர்ந்து வந்தவர் மறுநாள் காலையே பலகையில் நிற்கக்கூடாது. பெரிய அறுவை தேவைப்படும் காயம் என்றால் அதே சாலையில்தான் திரும்பவேண்டும். 2023 ஜனவரியில் ஜோஷிமத்தில் நிலம் உள்வாங்கி வீடுகள் விரிசல் விட்டபோது, அங்கிருந்து ஔலி செல்லும் கம்பிவட ஊர்தியும் நிறுத்தப்பட்டது. பழைய பயணக் குறிப்புகளை நம்பாமல், செல்லும் வழியைப் புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மணாலிக்கு அருகிலுள்ள சோலாங் பள்ளத்தாக்கில் சறுக்குத்தளம் சிறியது, கூட்டம் மிகுதி. தேர்ந்தவர்களுக்குச் சலிப்பூட்டலாம். ஆயினும் பனியை முதன்முறை தொடுபவர்களுக்கும், வீட்டில் இதய நோயாளியோ முதியவரோ உள்ளவர்களுக்கும் நாங்கள் இதை முதலில் சொல்வதுண்டு. சறுக்குவது 2,500 மீட்டர் அளவில். உறங்குவது 2,050 மீட்டரில் உள்ள மணாலியில், உதகையைவிடத் தாழ்வாக. துபாயில் உறவினர் இருப்பவர்களுக்கு இன்னுமொரு வழி உண்டு. அங்கே 2005 முதல் ஒரு வணிக வளாகத்துக்குள் இயங்கும் உட்புறச் சறுக்குத்தளத்தில் உயரமும் இல்லை, பனிச்சரிவும் இல்லை. முழங்கால் என்ன சொல்கிறது என்று இரண்டு மணி நேரத்தில் அறிந்துகொள்ளலாம்.

இடத்தோடு காலமும் சேரவேண்டும். காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் 40 நாள்கள் ‘சில்லை கலான்’ எனும் கடுங்குளிர்க் காலம். பனி அப்போது நிச்சயம் என்று எண்ணப்பட்டது ஒரு காலம். 2024 ஜனவரியில் குல்மார்க்கின் புல்வெளி வெறுந்தரையாகக் கிடந்தது. பனி குறைந்த ஆண்டில் கடையை மூடமாட்டார்கள். பகலில் உருகி இரவில் இறுகிய மெல்லிய பனிக்கட்டியின்மேல் பாடம் நடக்கும். புதியவருக்கு அதைவிடக் கெட்ட தரை இல்லை. ‘வந்ததற்கு ஒருமுறையாவது’ என்ற எண்ணத்தை அன்று விட்டுவிடுவதே உத்தமம்.

வாடகைக் கருவிகளிலும் கவனம் வேண்டும். காலணியைப் பலகையுடன் பூட்டும் ‘பைண்டிங்’ விழும்போது தானாகக் கழலவேண்டும். எவ்வளவு விசையில் கழலவேண்டும் என்பதை உடல் எடை, உயரம், வயது, காலணியின் அடிநீளம், திறன் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிட்டு முடுக்குவர். முந்தைய வாடிக்கையாளர் நூறு கிலோ எடையுள்ளவர் என்றால், அவருக்கு வைத்த முடுக்கத்தில் 45 கிலோ மகளின் காலை மாட்டக்கூடாது. கூச்சப்படாமல் கேளுங்கள். சரியான எடையைச் சொல்லுங்கள். ‘நன்றாகவே சறுக்குவேன்’ என்ற பெருமையை அங்கே சொல்லாதீர்கள், முடுக்கம் கூடிவிடும். அப்படிச் சரிசெய்த பைண்டிங்கும் கணைக்கால் எலும்பைக் காக்கும் அளவுக்குச் சிலுவைத் தசைநாரைக் காப்பதில்லை. தலைக்கவசம் கட்டாயம். கோலின் வாரை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு விழுந்தால் கட்டைவிரலின் தசைநார் கிழியும். விழும்போது கோலை விட்டுவிடுங்கள்.

உடன் செல்வோருக்குச் சில வார்த்தைகள். பனிப் பயணம் முடிந்து எங்களிடம் வரும் மணிக்கட்டு முறிவுகள் பலவும் பலகையே ஏறாதவர்களுடையவை. விடுதி வாசலில், வண்டியிலிருந்து இறங்கும்போது, தேநீர்க் கடைக்கு நடக்கையில் வழுக்கியவர்கள் அவர்கள். மாதவிடாய் நின்ற பெண்களும் எலும்பு அடர்த்தி குறைந்தவர்களும், காலணியில் மாட்டும் முள்பட்டையை வாங்கிச் செல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர் தலை மோத விழுந்தால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். இன்சுலின் உறைந்தால் பயனற்றது. பையின் வெளியறையில் வைக்காமல் உடலோடு ஒட்டிய உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை அளக்கும் கருவியும் கடுங்குளிரில் தவறான அளவு காட்டலாம். அறைக்குள் வைத்து அளவுங்கள். குளிரில் இரத்த அழுத்தம் ஏறும். விடுமுறை என்று மாத்திரையை விடுவது கூடாது. உயர நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரையை அண்டை வீட்டார் கொடுத்தார் என்று விழுங்காதீர்கள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களும் சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களும் மருத்துவரிடம் அதை முன்னரே சொல்லவேண்டும். ஓய்வாக இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ விடியும்வரை காத்திராமல் அன்றிரவே கீழே இறங்குங்கள். கருவுற்றவர்கள் சறுக்குவதை அறவே தவிர்க்கவேண்டும்.

பயிற்சி நிறுவனங்கள் உடற்தகுதிச் சான்றிதழ் கேட்கும். அதற்காகப் புறப்படும் முந்தைய நாள் படிவத்தோடு வந்து நிற்பவர்கள் உண்டு. பரிசோதிக்காமல் நாங்கள் கையொப்பமிடுவதில்லை. இதில் சிலர் வருத்தம் கொண்டதும் உண்டு. எட்டு வாரங்கள் முன்னதாக வந்தால் பயனுண்டு. சிலுவைத் தசைநார் அறுவைக்குப் பின் ஒன்பது மாதம் நிறையாதவர்களுக்கு நாங்கள் இசைவு தருவதில்லை. அதன் பின்னும், அறுவை செய்த காலின் தொடை வலிமை மறுகாலின் வலிமையில் 90 விழுக்காட்டையாவது எட்டியிருக்கவேண்டும். ஒற்றைக்காலில் பாதி அமர்ந்து எழும்போது முழங்கால் உட்பக்கம் சாய்கிறதா என்று பார்ப்போம். நீங்கள் வீட்டிலேயே செய்யக்கூடியது, சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் அமர்ந்த நிலையில் நிற்பது. ஒரு நிமிடத்துக்குள் தொடை நடுங்கினால், சரிவில் அதே நடுக்கம் மூன்றாம் முறை இறங்கும்போது வந்துவிடும். காப்பீட்டுப் பத்திரத்தையும் அப்போதே படித்துப் பாருங்கள். பயணக் காப்பீடுகள் பலவற்றில் சாகச விளையாட்டுகளுக்கு விலக்கு உண்டு.

நம் நண்பர் டிசம்பர்ப் பயணத்தைப் பிப்ரவரிக்குத் தள்ளிவைத்தார். இடைப்பட்ட வாரங்களில் எங்கள் இயன்முறை மருத்துவரிடம் வாரம் மூன்று நாள் வந்தார். ஸ்ரீநகரில் இரண்டு இரவுகள் தங்கி, குல்மார்க்கின் கிண்ணத்திலேயே மூன்று நாள்கள், பயிற்றுநர் ஒருவரைத் தனியே அமர்த்திக்கொண்டு, பிற்பகல் இரண்டு மணிக்குமேல் சறுக்குவதில்லை என்று மகளிடம் வாக்குக் கொடுத்துச் சறுக்கியிருக்கிறார். இரண்டாம் நாள் இரவு தாயாருக்குத் தலைவலி. காலையில் தணியாததால் மருமகளுடன் அவரை ஸ்ரீநகருக்கு இறக்கிவிட்டார்கள். அங்கே போனதும் சரியாகிவிட்டதாம்.

மார்ச்சில் மறுபரிசோதனைக்கு வந்தபோது முழங்காலில் வீக்கமில்லை. மூன்றாம் நாள் மகள் தம்மை முந்திவிட்டதாகச் சொன்னார். “அடுத்த ஆண்டு அஃபர்வத்?” என்று கேட்டார். நாங்கள் அளவுநாடாவை எடுத்துத் தொடைகளை அளந்தோம். இடது தொடை இன்னும் ஒன்றரை சென்டிமீட்டர் குறைவாக இருந்தது. வாரம் மூன்று நாள் பயிற்சி என்று மறுபடியும் எழுதிக் கொடுத்தோம். செப்டம்பரில் வரச் சொல்லியிருக்கிறோம்.